முள்ளம்பன்றியின் அண்ணன்

பழனி
10-1-2024

அன்புத் தங்கை சாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் மதினி ரபியாவும் நலம். உன்னுடைய நலமும் அப்பாஸ் மச்சானின் நலமும் அறிய ஆவல். மலையில் உறைபனி என்று செய்தித்தாளில் படித்தேன். காதை மூடாமல் வெளியே போகாதே.

தைப்பூசக் கூட்டம் இப்போதே கடைத்தெருவை அடைத்துவிட்டது. நம் பாத்திரக்கடையில் தூக்குவாளி விலை கேட்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு மூன்று கட்டுரைகள் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எனக்குக் கையால் எழுதினால்தான் தமிழ் வரும், தட்டச்சு ஒற்றை விரல்தான். வழக்கம்போல என் கணக்கில் உள்நுழைந்து ஏற்றிவிடு. கடவுச்சொல் மாறவில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. 'முள்ளம்பன்றி' என்ற பெயரில் ஒருவன் முளைத்திருக்கிறான். கணக்குத் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் 'சீமாட்டிச் சுனை' கட்டுரையின் தலைப்பைத் தூக்கிவிட்டுக் 'காளியாயி ஊத்து' என்று வைத்திருக்கிறான். செண்பகனூருக்குக் கீழே இருக்கும் அந்தச் சுனைக்கு வெள்ளைக்காரன் போட்ட பெயரை அழகான தமிழில் தந்தவன் நான். இவனோ, 'அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்த யாரும் எந்தச் சீமாட்டியையும் பார்த்ததில்லை' என்று கட்டுரையைப் பற்றி வாதாடுகிற பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறான்.

பதினோரு வருட உழைப்பு, ஆயிரம் கட்டுரை, மதுரையில் பொன்னாடை. என்னிடமா வாலாட்டுகிறான்? அவனை ஓட ஓட விரட்டாமல் ஓயமாட்டேன். என் பதிலையும் உள்ளே வைத்திருக்கிறேன். 'அற்பப் பிராணி' என்று எழுதியிருப்பதை நாகரிகம் பார்த்து எடுத்துவிடாதே.

துஆவுடன்,
உன் அண்ணன்
முகம்மது இஸ்மாயில்


நாயுடுபுரம், கொடைக்கானல்
21-1-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது, மற்றபடி குறை இல்லை. ஸ்வெட்டர் கடையை உங்கள் மச்சான் பார்த்துக்கொள்வதால் மதியம் லேப்டாப் எனக்குத்தான். மூன்று கட்டுரைகளையும் ஏற்றிவிட்டேன். 'அற்பப் பிராணி' அப்படியே இருக்கிறது.

ஒரு செய்தி. அந்த ஊத்துக்குப் போகிற பாதையில் டூரிஸ்ட்டுகளுக்காக யாரோ 'சீமாட்டிச் சுனை' என்று புதிதாக ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கண்மணியக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என் வாசலில் நின்றார்கள். "ஏத்தா சாஹிரா, எங்க மாமியா அந்த ஊத்தக் கண்டுபிடிச்சு, இருவது வருசம் பங்களா பங்களாவாத் தண்ணி சொமந்துச்சு. அது பேரு எங்கத்தா போச்சு?" என்று கேட்டார்கள்.

அந்தக் கட்டுரையை 2019இல் முதலில் எழுதியது நான். கண்மணியக்காவோடு சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்து, அவர்கள் மாமியார் காளியாயியைப் பற்றிக் கேட்டு எழுதினேன். 'காளியாயிக்குச் சான்று இல்லை' என்று நீங்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத் தலைப்பை மாற்றினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது? மதினிக்கு ஸலாம் சொல்லுங்கள்.

தங்கை
சாஹிரா


பழனி
2-2-2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மதினி கேப்பைக் களியைத் தவிர எதையும் கண்ணில் காட்டுவதில்லை.

போர்டு நட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததும் கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். சாஹிரா, அதுதான் சான்று! உடனே போய்ப் படம் பிடித்து, என் கணக்கிலேயே கட்டுரையில் சேர். ஊரே அந்தப் பெயரைத்தான் சொல்கிறது என்று எழுதி அந்தப் பயலின் வாயை அடை.

அவன் செண்பகனூர்க் கட்டுரையிலும் கை வைத்துவிட்டான். 'நகரப் பேருந்து' என்று நான் எழுதியதை 'டவுன் பஸ்' ஆக்கியிருக்கிறான். படங்களைப் பார்த்தால் கொடைக்கானலிலேயே குடியிருக்கிறவன் என்று தெரிகிறது. நீ அங்கேதானே இருக்கிறாய். கடைத்தெருவில் மெல்ல விசாரித்துப் பார். ஆள் யாரென்று தெரிந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்மணியின் மாமியாரைப் பற்றி எழுதியிருந்தாய். பாவம்தான். ஆனால் தண்ணீர் சுமந்தவர்களுக்கெல்லாம் கட்டுரை எழுதினால் கலைக்களஞ்சியம் தாங்குமா?

அண்ணன்
இஸ்மாயில்


நாயுடுபுரம்
26-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும். சளி பிடித்துப் படுத்துவிட்டேன். இப்போது தேவலை.

போர்டின் படத்தை நீங்கள் சொன்னபடியே சேர்த்தேன். மறுநாளே முள்ளம்பன்றி பதில் போட்டுவிட்டது. 'கண்ணுக்கினிய குளிர்நீர்ச் சுனை, காண்போர் கவலை மறக்கும் சுனை' என்று போர்டில் இருக்கும் வரி அப்படியே உங்கள் கட்டுரையின் முதல் வரி. கட்டுரையைப் பார்த்துப் போர்டு எழுதியிருக்கிறார்கள், இப்போது போர்டைக் காட்டிக் கட்டுரையை நிரூபிக்கிறார் என்று நாள் தேதியோடு எடுத்துப் போட்டிருக்கிறது. வாக்கெடுப்பில் ஒன்பது பேர் அதன் பக்கம், உங்கள் பக்கம் இரண்டு பேர். தலைப்பு 'காளியாயி ஊத்து' என்றே முடிவாகிவிட்டது.

விசாரிக்கச் சொன்னீர்கள், விசாரித்தேன். முள்ளம்பன்றி நாயுடுபுரத்துப் பக்கம்தான் இருக்கிறதாம். தன் பாட்டுக்கு இருக்குமாம், மிதித்தால்தான் குத்துமாம்.

உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது மதுரை விழா வீடியோவை மறுபடி பார்த்தேன். நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் மைக்கில் எல்லாருக்கும் நன்றி சொல்கிறீர்கள். கடைசியில், 'தட்டச்சு செய்து உதவிய என் தங்கைக்கும்' என்கிறீர்கள். எல்லாரும் கைதட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஹிரா


பழனி
8-3-2024

தங்கை சாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நோன்பு வரப்போகிறது. மூன்று பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

மூக்கறுபட்டுக் கிடக்கிறேன், நீ வீடியோ பார்த்த கதையை எழுதுகிறாய். அதில் என்ன இருக்கிறது? உன்னைச் சொல்லாமலா விட்டேன்?

இனி அவன் என்னுடைய ஒரு கட்டுரையைத் தொட்டதற்கு அவனுடைய அத்தனை கட்டுரையும் பதில் சொல்ல வேண்டும். எண்ணிவிட்டேன், ஐம்பத்திரண்டு. எல்லாவற்றுக்கும் நீக்கல் கோரிக்கை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுக்குச் சான்று போதாது, ஒன்றுக்கு நடை சரியில்லை, ஒன்றுக்கு முக்கியத்துவம் இல்லை. ஏதாவது ஒன்று எல்லாவற்றிலும் இருக்கும். அந்தக் காளியாயியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறான், அதை முதலில் போடு. அவன் ஒரு மாதம் சோறு தண்ணியில்லாமல் அலைய வேண்டும். நோன்புக்கு முன்னாலேயே ஏற்றிவிடு, புனித மாதத்தில் சண்டை வேண்டாம்.

அண்ணன்


நாயுடுபுரம்
15-4-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. பெருநாளன்று போனில் பேசியபோது மதினி பக்கத்தில் இருந்ததால் இதைப் பற்றிப் பேசவில்லை.

ஐம்பத்திரண்டு கோரிக்கைகளையும் என் கையாலேயே ஏற்றினேன். நாற்பத்தெட்டு கட்டுரைகள் பிழைத்துக்கொண்டன. நான்கு போய்விட்டன. அதில் காளியாயியின் கட்டுரையும் ஒன்று. அவரை வைத்து எடுத்த ஒரே ஒரு போட்டோவைக் கண்மணியக்கா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். தலையில் குடம், இடுப்பில் குடம். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வருகிறது. இது அநியாயம் அண்ணே. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

உங்கள் வெறி இதோடு தீரட்டும். இனி நிறுத்திக்கொள்வது உங்களுக்கு நல்லது. உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன், ஒரு தடவைதான் சொல்வேன்.

சாஹிரா


பழனி
29-4-2024

தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீங்கள் மலையில் கொடுத்து வைத்தவர்கள்.

நிறுத்துவதா? நான்கு பலி விழுந்த பிறகா? எவளோ தண்ணீர் சுமந்தவளுக்காக நீ ஏன் கண்ணைக் கசக்குகிறாய்?

இப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு வருடம்கூட ஆகாத பயலுக்கு விதியெல்லாம் எப்படி அத்துப்படி? பழைய தொகுப்பாளர் யாரோ ஒருவன் இரண்டாவது பெயரில் வந்திருக்கிறான். ஓர் ஆளுக்கு ஒரு கணக்குதான், இரண்டு வைத்துக்கொண்டு வாதாடினால் ஆளையே வெளியேற்றுவார்கள். எந்தக் கணக்கு எந்த இணைப்பிலிருந்து, எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இங்கே அடிவாரத்தில் இருக்கிற சேனாதிபதி ஐயாதான் நிர்வாகி, அவரிடம் முறையிட்டால் சோதனைக்கு அனுப்புவார். மனுவை உள்ளே வைத்திருக்கிறேன். முள்ளம்பன்றி யாருடைய இரண்டாவது கணக்கோ, அந்த ஆளை நிரந்தரமாக விலக்க வேண்டும் என்று கடுமையாக எழுதியிருக்கிறேன். என் கணக்கிலிருந்து உடனே போடு.

அண்ணன்


நாயுடுபுரம்
9-5-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது. கடையில் கூட்டம் இல்லை. நிறைய நேரம் இருக்கிறது.

மனுவை இரண்டு முறை படித்தேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் உங்கள் கணக்கிலிருந்தே போட்டுவிட்டேன்.

வெயிலில் அலையாதீர்கள்.

சாஹிரா


பழனி
3-6-2024

சாஹிரா,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. 'முள்ளம்பன்றி', 'இஸ்மாயில் பழனி' என்ற இரண்டு கணக்குகளும் கொடைக்கானலில் ஒரே இணைப்பில், ஒரே கணினியில் இயங்குகின்றன என்று போட்டிருக்கிறார்கள். நானே மனுப் போட்டு நானே மாட்டிக்கொண்டேனாம். சேனாதிபதி ஐயா நடுக்கடைத்தெருவில் நிறுத்தி, "என்ன இஸ்மாயிலு, ஒங்க கூட நீங்களே சண்டை போட்டுக்கிட்டுக் கெடந்தீங்களாக்கும்? அற்பப் பிராணின்னு வேற திட்டிக்கிட்டீங்க!" என்று சிரிக்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கணினி உன் வீட்டில் இருக்கிறது. அப்பாஸ் மச்சானுக்குத் தமிழில் நாலு வரி எழுத வராது. அப்படியானால் நீயா? கூடப் பிறந்தவளா என் முகத்தில் கரியைப் பூசினாய்? ஐந்து மாதமாக என் கடிதங்களைப் படித்துக்கொண்டு, என் பதில்களை ஏற்றிக்கொண்டு, அதற்கு மறுபதிலும் எழுதிக்கொண்டு! எப்படி மனசு வந்தது உனக்கு?

உடனே பதில் எழுது.

இஸ்மாயில்


நாயுடுபுரம்
11-6-2024

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலமாக இருக்கிறேன். பல வருடங்களில் இவ்வளவு நலமாக இருந்ததில்லை.

ஆமாம், முள்ளம்பன்றி நான்தான்.

மனசு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள பேரு நெட்டுல எதுக்குத்தா? அண்ணன் பேருதான் இருக்குல்ல" என்றீர்கள். சரி என்றேன். அதிலிருந்து உங்கள் பெயரில் முந்நூற்று நாற்பது கட்டுரைகள் எழுதினேன். நீங்கள் தாளில் எழுதி அனுப்பியதைச் சொல்லவில்லை. அவற்றை எடுத்துவைத்துவிட்டுத்தான் எண்ணினேன். நானே போய்ப் பார்த்து, ஆட்களைக் கேட்டு, புத்தகம் புரட்டி எழுதியவை முந்நூற்று நாற்பது. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், அய்யம்பாளையத்து அணைக்கட்டு வரை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். அதில் 'பஸ்' என்று எழுதினால் நீங்கள் 'பேருந்து' ஆக்கினீர்கள், சனங்கள் சொல்கிற பெயரை எழுதினால் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு புதுப் பெயர் செய்தீர்கள். அதைக்கூடப் பொறுத்தேன். மதுரையில் ஆயிரம் கட்டுரைக்குப் பொன்னாடை வாங்கிக்கொண்டு என்னைத் தட்டச்சுக்காரி ஆக்கினீர்கள் பாருங்கள், அன்றைக்கு ராத்திரியே பஸ்ஸில் வரும்போது முடிவு பண்ணிவிட்டேன். உங்களை அழ வைக்காமல் விடுவதில்லை என்று.

ஒரே ஒரு வழி இருக்கிறது. அந்த முந்நூற்று நாற்பதும் சாஹிரா எழுதியவை, முள்ளம்பன்றியும் அவளே என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரட்டைக் கணக்கு வைத்தீர்கள் என்ற பழி போய்விடும். சேனாதிபதி ஐயாவிடம் நானே வந்து சாட்சி சொல்கிறேன். என் பெயர் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எல்லாருக்கும் என் வாழ்த்து.

சாஹிரா


பழனி
28-8-2024

தங்கை சாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் எழுதவில்லை, பெருநாளுக்கும் பேசவில்லை. கோபம்தான் காரணம். இப்போது தணிந்துவிட்டது. இங்கு எல்லாரும் நலம். உன் மதினி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ சொன்ன வழியை நன்றாக யோசித்தேன். இரண்டு பெயரில் விளையாடியவன் என்றால் குறும்புக்காரன் என்பார்கள், ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். தங்கை எழுதியதற்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டவன் என்றால் நான் பழனிக் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே சேனாதிபதி ஐயா வீட்டுக்கே நேரில் போய், முள்ளம்பன்றியும் நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். பொழுதுபோக்காகச் செய்தேன், மன்னியுங்கள் என்றேன். பெரிய மனுஷர், மன்னித்தார். என் கணக்குக்கு ஒரு மாதத் தடை. அது நேற்றோடு முடிந்தது. முள்ளம்பன்றிக்கு ஆயுள் தடை. அதன் நாற்பத்தெட்டு கட்டுரைகளும் இப்போது நான் எழுதியவை என்றே கணக்கு.

நீதான் தொடங்கினாய், நான் முடித்துவைத்தேன். என் பெயரைத் தவிர உனக்கு அங்கே வேறு பெயர் இல்லை என்பதை இனியாவது புரிந்துகொள். அண்ணன் தங்கைக்குள் இதெல்லாம் சகஜம். மறந்துவிடுவோம்.

ஒரு வாரத்துக்குள் எல்லாரும் பார்க்கிற ஆலமரத்தடிப் பக்கத்தில் ஒரு மன்னிப்பும் நன்றியுரையும் போட வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். மூன்று பக்கம் எழுதிவிட்டேன். ஒற்றை விரலால் அடித்தால் தீபாவளி வந்துவிடும். பழையபடி நீயே என் கணக்கில் ஏற்றிவிடு. கடவுச்சொல் அதேதான்.

துஆவுடன்,
அண்ணன்


நாயுடுபுரம்
5-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை.

நீங்கள் கேட்டபடி உங்கள் கணக்கில் உள்நுழைந்து, ஆலமரத்தடிப் பக்கத்தில், நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு ஏற்றிவிட்டேன். உங்களுடைய மூன்று பக்கத்தில் உண்மை எதுவும் இல்லாததால் நானே வேறொன்று எழுதிக்கொண்டேன். உங்கள் நடையிலேயே, பேருந்து, அலைபேசி எல்லாம் போட்டு:

'என் பெயரில் உள்ள ஆயிரம் கட்டுரைகளுள் முந்நூற்று நாற்பதை எழுதியவர் என் தங்கை சாஹிரா. பட்டியலைக் கீழே தந்துள்ளேன். முள்ளம்பன்றியும் அவரே. அது நான் என்று சேனாதிபதி ஐயாவிடம் கூறியது பொய். காளியாயி பற்றிய கட்டுரையை வஞ்சம் வைத்து நீக்கச் செய்தேன். அதை மீட்டுத் தர வேண்டுகிறேன். இனி இக்கணக்கில் ஒரு வரியும் எழுதமாட்டேன். இவண், இஸ்மாயில் பழனி.'

உங்கள் நேர்மையைப் பாராட்டி இதுவரை பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். சேனாதிபதி ஐயா கண் கலங்கியதாகப் போட்டிருக்கிறார். காளியாயியின் பக்கம் இன்று காலையில் போட்டோவோடு திரும்பி வந்துவிட்டது. கண்மணியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் மாமியாரின் தலைக்குடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் அதை அழிக்கலாம். அழித்தாலும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டுகிற வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும், அழித்தது யார் என்பதும் நிற்கும். இல்லையென்றால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, 'அதை நான் எழுதவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கணக்கில் வேறு யார் எழுதுவார்கள் என்று கேட்பார்கள். அதற்கும் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

மதினிக்கு என் ஸலாம்.

சாஹிரா